வாரன்டி முடிஞ்ச பிறகு இன்ஜின் போயிடுச்சா? நுகர்வோர் சட்டத்தில் உங்களுக்கு என்ன வழி இருக்கு?

வீடியோவில் வேகமாகக் கடந்து போன சட்டப் பிரிவுகளையும் கணக்குகளையும் இங்கே நிதானமாகப் பார்க்கலாம்.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்குவோம். ஸ்ரீரங்கத்தில் வீடு, பெங்களூரில் ஐடி வேலை, கைக்கு வரும் சம்பளம் மாதம் 58,000 ரூபாய். 9.4 லட்சத்துக்கு ஒரு டர்போ பெட்ரோல் கார். அதில் 7.5 லட்சம் லோன், 9% வட்டி, 5 வருஷம். இஎம்ஐ சுமார் 15,570 ரூபாய். கம்பெனி வாரன்டி 3 வருஷம். எல்லா சர்வீஸும் ஆத்தரைஸ்டு சென்டரில்தான். வாரன்டி முடிந்து ஏழாவது மாதம், 52,000 கிலோமீட்டரில், சமயபுரம் டோல்கேட் தாண்டி வரும்போது இன்ஜினில் டக் டக்னு தட்டும் சத்தம். அப்புறம் ஆயில் லைட். அப்புறம் வண்டி ஓரத்தில். சர்வீஸ் சென்டர் கொடுக்கும் எஸ்டிமேட் 1.86 லட்சம். அதாவது கிட்டத்தட்ட ஒரு முழு வருஷ இஎம்ஐ. லோன் இன்னும் முடியலை.

கவுன்டரில் கிடைக்கும் பதில் எல்லாருக்கும் தெரியும்: "வாரன்டி முடிஞ்சிருச்சு சார், ஒண்ணும் பண்ண முடியாது." இதில் முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி முழு உண்மை இல்லை.

வாரன்டி வேற, சட்ட உரிமை வேற

வாரன்டி என்பது கம்பெனி தானா கொடுக்கும் ஒரு வாக்குறுதி. அந்தக் காலத்துக்குள் பார்ட் போனால், அது ஏன் போச்சுன்னு நீங்க நிரூபிக்க வேண்டியதில்லை. உங்க தவறுன்னு காட்ட வேண்டிய வேலை கம்பெனிக்கு. வாரன்டி முடிந்த மறுநாள் மாறுவது இதுதான்: நிரூபிக்கும் பொறுப்பு உங்க தோளுக்கு வந்துடும். உரிமை அப்படியே மறைஞ்சு போறதில்லை.

அந்த உரிமை எங்கிருந்து வருது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(10), "குறைபாடு" என்றால் என்னன்னு சொல்லுது. ஒரு சட்டப்படியோ, ஒப்பந்தப்படியோ, விற்பவர் சொன்னபடியோ இருக்க வேண்டிய தரத்தில் வரும் எந்தக் குறையும் அதில் அடங்கும். ஒப்பந்தம்னா எழுதினது மட்டுமில்லை, எழுதாமலே அடங்கியிருப்பதும் சேர்த்துதான். எழுதாத அந்த நிபந்தனையைத் தருவது 1930-ல் வந்த சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16. ஒரு பொருளை விற்பதையே தொழிலாக வச்சிருப்பவரிடம் வாங்கினால், அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்கணும். அதே பிரிவில் இன்னொரு வரி: எழுத்தில் ஒரு வாரன்டி கொடுத்ததாலேயே இந்த எழுதாத நிபந்தனை அழிஞ்சு போகாது, இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால்தான் போகும். ஆனா அதே சட்டத்தின் பிரிவு 62, எழுதாத நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் வெளிப்படையாகவே விலக்கி வைக்கவும் இடம் தருது. அதனால உங்க வாரன்டி புத்தகத்தில் "இதைத் தவிர வேறு எந்தப் பொறுப்பும் இல்லை" என்ற மாதிரி வாசகம் இருக்கான்னு முதல்ல பாருங்க. கம்பெனி வக்கீல் அதைத்தான் பிடிச்சுக்குவார்.

ஒரு எச்சரிக்கை. 2019 சட்டத்தில் "ப்ராடக்ட் லயபிலிட்டி" என்று ஒரு தனி அத்தியாயமே இருக்கு. இன்ஜின் போனா அதை வச்சுக் கேஸ் போடலாம்னு சொல்றாங்க. பிரிவு 2(22)-ஐப் படிங்க. அந்த அத்தியாயத்தில் "தீங்கு" என்பதில் அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் சேராது. பிரேக் பிடிக்காம கார் மோதி உங்களுக்கு அடிபட்டால் அது வேற விஷயம். இன்ஜின் மட்டும் உடைஞ்சா அந்த வழி உங்களுக்கு இல்லை. நீங்க போக வேண்டியது பழைய, நேரான வழி: பொருளில் குறைபாடு இருக்கு என்ற புகார். பரிகாரம் பிரிவு 39-ல் இருக்கு. குறையைச் சரி செய்யச் சொல்லலாம், மாற்றித் தரச் சொல்லலாம், பணத்தைத் திருப்பித் தரச் சொல்லலாம், நஷ்டஈடும் கேட்கலாம்.

பிறவிக் குறையா, பழக்கத்தில் வந்த குறையா?

கேஸ் முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் நிக்குது. இன்ஜின் தேய்ந்து போனதா, இல்லை ஃபேக்டரியிலிருந்து வரும்போதே உள்ளே ஒரு குறையோட வந்ததா?

நாலு வருஷம் நல்லா ஓடின வண்டியில் பிறவிக் குறை எப்படி இருக்கும்னு கேப்பாங்க. அமெரிக்காவில் ஹூண்டாய், கியா கார்களில் வந்த தீட்டா 2 இன்ஜின் விவகாரம் இதுக்கு நல்ல பதில். கிராங்க்‌ஷாஃப்டில் ஆயில் போகும் துளையைக் கடையும்போது வந்த உலோகத் துகள்கள் சரியா சுத்தம் செய்யப்படலை. அது ஆயில் ஓட்டத்தை அடைச்சு, கனெக்டிங் ராட் பேரிங்கைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுது. முதல்ல தட்டும் சத்தம், பிறகு இன்ஜின் ஜாம். 2011, 2012 மாடல் சொனாட்டா கார்களுக்கு 2015-ல்தான் ரீகால் வந்தது. அப்புறம் அது மற்ற மாடல்களுக்கும் பரவி, 2019-ல் வழக்கு சமரசத்தின்போது அந்த இன்ஜின்களுக்கு ஆயுள் வாரன்டி தர கம்பெனிகள் ஒத்துக்கிட்டாங்க. 2020 நவம்பரில், ரீகாலைத் தாமதப்படுத்தியது தொடர்பா அமெரிக்க அரசோட 21 கோடி டாலர் அபராத உடன்பாடும் வந்தது. குறை பிறந்தது ஃபேக்டரியில். வெளியே தெரிஞ்சது பல வருஷம் கழிச்சு, நெடுஞ்சாலையில்.

நம்ம ஊர் உதாரணமும் உண்டு. 2011 ஏப்ரலில் மாருதி, ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் டீசல் கார்கள் 13,157-ஐ கனெக்டிங் ராட் போல்ட்டைச் சரிபார்க்கத் திரும்ப அழைச்சது. ஒரு போல்ட்தான். ஆனா ஓடும்போது அது விட்டுப் போனா இன்ஜினே போச்சு. அதனால உங்க வண்டி நின்னதும் செய்ய வேண்டிய முதல் வேலைகளில் ஒன்று: உங்க மாடல், அதே இன்ஜின், அதே வருஷத்துக்கு இந்தியாவிலோ வெளிநாட்டிலோ ரீகால் இருக்கான்னு தேடுறது. கார் உற்பத்தியாளர் சங்கமான சியாம் தளத்தில் தன்னார்வ ரீகால் பட்டியல் இருக்கு. அதே குறைக்கு ரீகால் கிடைச்சா உங்க கேஸ் பாதி எழுதின மாதிரி.

"இன்ஜின் எத்தனை வருஷம் ஓடணும்னு சட்டத்தில் எங்க இருக்கு?" என்பது எதிர்த்தரப்பின் அடுத்த கேள்வி. எங்கேயும் இல்லைதான். ஆனா கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கு. உங்க ஓனர் மேனுவலை எடுத்து சர்வீஸ் அட்டவணையைப் பாருங்க. எத்தனையாவது கிலோமீட்டர் வரைக்கும் ஆயில், பிளக், கூலன்ட் மாத்தணும்னு வரிசையாப் போட்டிருப்பாங்க. 1 லட்சம் கிலோமீட்டருக்கு மேல் பராமரிப்பு சொல்லும் கம்பெனி, 52,000-ல் பேரிங் போறது இயல்பான தேய்மானம்னு எப்படிச் சொல்லும்? அதே கம்பெனி கூடுதல் வாரன்டி விற்குதுன்னா அதையும் காட்டலாம். மாருதி 6 வருஷம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் வரை நீட்டிப்பு விற்குது. அவ்வளவு தூரம் இன்ஜின் தாங்கும்னு கணக்குப் போட்டுத்தானே விற்கிறாங்க? இது நிரூபணம் ஆகாது, ஆனா நல்ல வாதம்.

நீங்க தோற்கும் இடங்களையும் சொல்லிடணும். ஆயில் மாற்றத்தை 5,000, 8,000 கிலோமீட்டர் தள்ளிப் போட்டது, ஆயில் சம்ப் கல்லில் அடிபட்டது, டெம்பரேச்சர் சிவப்பு லைட் எரிஞ்ச பிறகும் ஓட்டினது, மழைத் தண்ணியில் விட்டு இன்ஜினுக்குள் தண்ணி போனது, வெளியே ஈசியூ ரீமேப் பண்ணது. இதில் ஒண்ணு இருந்தாலும் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். தண்ணி போன கேஸ் இன்ஷூரன்ஸ் பக்கம். இன்ஜின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன் எடுத்திருந்தால் அங்கே கேளுங்க. அந்த ஆட்-ஆன் உற்பத்திக் குறைபாட்டுக்குப் பணம் தராது என்பதையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்கோங்க.

வெளி மெக்கானிக்கிட்ட சர்வீஸ் விட்டவங்க உடனே சோர்ந்து போக வேண்டாம். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்ட உத்தரவில், வெளியே ரிப்பேர் பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை மொத்தமா ரத்து செய்யக் கூடாதுன்னும் சொன்னது. அது மேல்முறையீடு, உயர் நீதிமன்றம்னு நீண்டது தனிக் கதை. உங்களுக்கு வேண்டியது, சரியான கிரேடு ஆயில் சரியான நேரத்தில் போட்டதற்கான பில்.

இன்ஜினைப் பிரிக்கும் முன்னாடி

பல கேஸ்கள் ஆணையத்துக்குப் போறதுக்கு முன்னாடியே, ஒர்க்‌ஷாப் தரையில் தோத்துடுது. காரணம் எளிமை: இன்ஜினைப் பிரிச்சு, பழைய பார்ட்டை ஸ்கிராப்பில் போட்டு, புதுசு மாட்டிட்டா அப்புறம் பரிசோதிக்க என்ன இருக்கு?

எஸ்டிமேட்டையும் பிரிக்கும் அனுமதிப் படிவத்தையும் கையில் கொடுத்து கையெழுத்துக் கேப்பாங்க. அவசரப்படாதீங்க. முதல்ல ஜாப் கார்டில் உங்க வார்த்தையிலேயே புகாரை எழுதச் சொல்லுங்க: எந்த வேகத்தில், எத்தனை கிலோமீட்டரில், எந்த லைட் எப்போ வந்தது. "இன்ஜின் செக்கிங்" என்று இரண்டே வார்த்தை போட்ட ஜாப் கார்டு உங்களுக்கு உதவாது. ஓபிடி ஸ்கேன் எடுத்து, ஃபால்ட் கோடுகளோட பிரின்ட் கேளுங்க. ஆயில் அளவு, நிறம், ஆயில் ஃபில்டர், ஓடோமீட்டர் எல்லாத்தையும் தேதியோட வீடியோ எடுங்க. ஆயிலை வடிச்சா ஒரு சுத்தமான பாட்டிலில் மாதிரி எடுத்து, இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஒட்டி வைக்கணும்னு கேளுங்க. மறுத்தால், மறுத்ததை அன்றைக்கே மெயிலில் பதிவு பண்ணுங்க.

பிறகு கம்பெனிக்கும் டீலருக்கும் ஒரே மெயில்: இன்ஜினைப் பிரிக்கும்போது நானும் என் சார்பில் ஒரு நிபுணரும் இருப்போம், கழற்றும் எல்லா பார்ட்டும் எனக்கு வேணும், என் சட்ட உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்தான் இந்த அனுமதியைத் தருகிறேன். இந்த மூணு விஷயமும் அதில் இருக்கணும். அனுமதிப் படிவத்திலேயும் கடைசி விஷயத்தைக் கையால் எழுதிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

இன்னொரு புதையல் உங்க பழைய ஜாப் கார்டுகள். வாரன்டி இருக்கும்போதே "காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது சத்தம்", "ஆயில் குறையுது"னு ஏதாவது சொல்லி, அவங்க "நார்மல்"னு எழுதி அனுப்பியிருந்தா, கேஸின் முகமே மாறிடும். குறை வாரன்டிக்குள்ளேயே தெரிஞ்சது, சரி செய்யாமல் விட்டாங்க என்பது உங்க வாதம். அப்போ டீலர் மேல் சேவைக் குறைபாட்டுப் புகாரும் சேரும். சர்வீஸ் முடிஞ்சதும் ஜாப் கார்டை சீட்டுக்கு அடியில் போடும் பழக்கம் இருந்தா, இன்னைக்கே எல்லாத்தையும் போட்டோ எடுத்து டிரைவில் ஏத்துங்க.

நிபுணர் அறிக்கை இல்லாமல் உற்பத்திக் குறைபாட்டை நிரூபிப்பது ரொம்பக் கஷ்டம். 2010 நவம்பரில் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு ஃபியட் கார் கேஸைப் பாருங்க. இன்ஜின் சத்தம்தான் முக்கியப் புகார், இன்ஜினையே ஒரு தடவை மாத்தியும் கொடுத்திருந்தாங்க. உடனே பணத்தைத் திருப்பிக் கொடுன்னு நீதிமன்றம் சொல்லலை. சுதந்திரமான தொழில்நுட்ப நிபுணர் பரிசோதித்து உள்ளார்ந்த உற்பத்திக் குறைபாடு இருக்குன்னு சொன்னால், காரின் விலை, ஆயுள் வரி, இஎம்ஐ எல்லாம் 12% வட்டியோட திரும்பக் கிடைக்கும்னு சொன்னது. முடிவு நிபுணர் கையில் போனதைக் கவனிங்க.

தெரிஞ்ச மெக்கானிக் லெட்டர்பேடில் எழுதிக் கொடுப்பது அவ்வளவு எடை தராது. பிரிவு 38-ன்படி பொருளைத் தகுந்த பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்திடமே மனு போடலாம். கட்டணம் நீங்க கட்டணும். திருச்சிக்காரங்களுக்கு இதில் ஒரு வசதி. துவாக்குடியில் என்ஐடி இருக்கு, சேதுராப்பட்டியில் ஸ்ரீரங்கம் அரசு பொறியியல் கல்லூரி இருக்கு. மெக்கானிக்கல் துறைப் பேராசிரியர் ஒருவரை நிபுணராக நியமிக்கும்படி மனுவில் கேட்டுப் பார்க்கலாம். இரண்டு தரப்புக்கும் சம்பந்தமில்லாத ஆள் என்பதே அதன் பலம்.

எங்கே, எவ்வளவு, எப்போ

கார் சென்னையில் வாங்கினது, கம்பெனி ஆபீஸ் வடக்கே எங்கேயோ, கேஸுக்கு அலையணுமா? வேண்டாம். 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019 சட்டத்தின் பிரிவு 34, நீங்க குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ புகார் கொடுக்கலாம்னு சொல்லுது. நம்ம கற்பனை நண்பருக்கு பெங்களூரும் சரி, திருச்சியும் சரி. ஸ்ரீரங்கத்தில் குடியிருக்கிறார்னு காட்டினால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் போதும். காவிரியைத் தாண்டினாலும் கொள்ளிடத்தைத் தாண்டினாலும் மாவட்டம் அதேதான். ஆனா வாரம் முழுக்க பெங்களூரில் இருப்பவர் ஸ்ரீரங்க முகவரியைக் காட்டினால் எதிர்த்தரப்பு கேள்வி கேட்கலாம். ஆதார், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை ஒரே முகவரியில் இருக்கட்டும். விசாரணையை வீடியோ கான்ஃபரன்ஸில் நடத்தச் சொல்லியும் மனு போடலாம்.

கட்டணம் கேட்டா சிரிப்பீங்க. நீங்க கேட்கும் நஷ்டஈட்டை வச்சு இல்லை, காருக்குக் கொடுத்த விலையை வச்சு. 5 லட்சம் வரை ஒன்றுமில்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. 50 லட்சத்துக்கு மேல் போனா மாநில ஆணையம். ஆன்லைனில் இ-ஜாக்ரிதி தளத்திலேயே தாக்கல் பண்ணலாம். வக்கீல் கட்டாயமில்லை. ஆனா நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யும் கட்டம் வரும்னா ஒருத்தரை வச்சுக்கிறது நல்லது.

காலக்கெடு 2 வருஷம், பிரிவு 69. எப்போதிலிருந்து 2 வருஷம்? கம்பெனி "வாங்கின தேதியிலிருந்து"ன்னு வாதாடும். மறைஞ்சிருந்த குறை வெளிப்பட்ட நாளிலிருந்துதான் என்பது உங்க பதில். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்காம இருக்க, தாமதத்தை மன்னிக்கும் மனுவையும் புகாரோடவே சேர்த்துக் கொடுத்துடுங்க. முக்கியமா, கஸ்டமர் கேரோட மாசக்கணக்கா மெயில் போட்டுக்கிட்டே இருந்தா கெடு நீளாது.

யார் மேல் போடணும்? கார் கம்பெனி, விற்ற டீலர், சர்வீஸ் பார்த்த டீலர் வேற ஆளா இருந்தா அவரும். மூணு பேரையும் சேருங்க, ஆனா யார் மேல் என்ன குற்றச்சாட்டுன்னு தனித்தனியா எழுதுங்க. 2021 பிப்ரவரியில் டாடா மோட்டார்ஸ் கேஸில், கோவாவில் ஒரு டீலர் 622 கிலோமீட்டர் ஓடின 2009 மாடல் காரைப் புதுசுன்னு தள்ளிவிட்டதற்கு, கம்பெனிக்கு அது தெரியும்னு நிரூபிக்காமல் கம்பெனியைப் பொறுப்பாக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு.

பேராசையும் வேண்டாம். இன்ஜினுக்காகப் புது கார் கேட்டீங்கன்னா கேஸ் பலவீனமாகும். மாருதி கேஸ் ஒன்றில் 2006-லேயே உச்ச நீதிமன்றம், வாரன்டி பார்ட்டை மாத்தித் தருவதாகச் சொல்லும்போது முழுக் காரையும் மாத்தச் சொல்ல முடியாதுன்னு தீர்ப்பு கொடுத்திருக்கு. ரிப்பேர் செலவு, வட்டி, வண்டி இல்லாத நாளுக்கான போக்குவரத்துச் செலவு பில்லோட, நியாயமான ஒரு மன உளைச்சல் தொகை, வழக்குச் செலவு. இவ்வளவு கேளுங்க.

சண்டையா, சமரசமா?

பரிசோதனை தேவைப்படும் புகாரை 5 மாதத்தில் முடிக்கணும்னு சட்டம் சொல்லுது. நடைமுறையில் வருஷக்கணக்கில் இழுக்கலாம்னு நினைச்சே கணக்குப் போடுங்க. அதுவரை வண்டி வேணும்னா 1.86 லட்சத்தை நீங்களே போடணும். பெர்சனல் லோன் 14%-ல் 3 வருஷத்துக்கு எடுத்தால் முதல் வருஷ வட்டி மட்டும் 20,000-க்கு மேல்.

அதனால முதல்ல "குட்வில்" கேளுங்க. வாரன்டி முடிஞ்ச பிறகும் பார்ட் விலையில் ஒரு பங்கை கம்பெனி ஏத்துக்கிறதுக்குத்தான் அந்தப் பேர். கவுன்டரில் இருப்பவருக்கு அந்த அதிகாரம் இருக்காது. கம்பெனியின் ஏரியா சர்வீஸ் மேனேஜருக்கு மெயில் போகணும். கூடவே தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல் புகார் பதியுங்க. அவங்க உத்தரவு போட முடியாது, ஆனா புகாரை கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேப்பாங்க. 1.86 லட்சத்தில் பார்ட் 1.4 லட்சம், லேபர் 46,000-னு வச்சுக்குவோம். பார்ட்டில் 70% கம்பெனி ஏத்துக்கிட்டா உங்க கைச்செலவு 88,000. நானா இருந்தா இதை எழுத்தில் வாங்கிக்கிட்டு முடிச்சுக்குவேன். 10% தள்ளுபடி கொடுத்துட்டு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு கையெழுத்துக் கேட்டா, ஜாப் கார்டும் பில்லும் சுத்தமா இருக்கும் பட்சத்தில், கையெழுத்துப் போடாமல் நோட்டீஸ் அனுப்புவேன். 15 நாள் கெடு கொடுத்து, போஸ்ட் ரசீதைப் பத்திரமா வச்சுக்கணும்.

கடைசியா, ஆபீஸ் லீஸில் கார் ஓட்டுறவங்களுக்கு. ஆர்சி உங்க பேரில் இல்லை என்பதால் புகாரை வண்டியின் உரிமையாளரான நிறுவனத்தோட சேர்ந்து கொடுப்பது பாதுகாப்பு. கம்பெனி பேரில் வாங்கின காரே "வணிக நோக்கம்" ஆகிடும்னு பயமுறுத்துவாங்க. இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு நிறுவனம் வாங்கின மெர்சிடிஸ் கார் அப்படி ஆகாதுன்னு 2024 ஜூலையில் டெய்ம்லர் கிரைஸ்லர் கேஸில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. செகண்ட் ஹேண்டில் வாங்கினவங்களுக்கு நிலைமை கொஞ்சம் இறுக்கம். பழைய கார் விற்பதையே தொழிலாகச் செய்யும் நிறுவனத்திடம் வாங்கியிருந்தால் அவங்க கொடுத்த வாரன்டி, இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் இரண்டையும் வச்சு அவங்க மேலேயே புகார் போகலாம். பக்கத்துத் தெருக்காரர் தன் சொந்தக் காரை விற்றது வியாபாரம் இல்லை. அந்த மாதிரி வாங்கும்போது, பணம் கொடுக்கறதுக்கு முன்னாடியே ஒரு கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுத்துடுங்க.